அசல் கதவு வாஷிங்டனில், அசல் பேழை ஜெருசலேமில்: யூத இளைஞர்கள் வேர் தேடிப் போவது பற்றி

குறுந்தொடி

என் அறைத்தோழி அமெரிக்க யூதப் பெண், வயது 25. அப்பா யூதர், அம்மா ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். டிசம்பரில் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரமும் நிற்கும், யூதப் பண்டிகையான ஹனுக்கா விளக்கும் எரியும். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்கிற கோஷர் கீஷர் எதுவும் கிடையாது. நான் பண்ணும் கோழிக் குழம்பில் தயிர் ஊற்றிச் சாப்பிடுகிற ஆள்.

இவள் ஆறு வருடத்தில் இரண்டு முறை வேர் தேடிப் போய்வந்திருக்கிறாள். முதல் முறை 2019இல் இஸ்ரேலுக்கு, வெளிநாட்டு யூத இளைஞர்களை அங்கே கூட்டிப்போகிற பர்த்ரைட் என்ற திட்டத்தில் பத்து நாள். விமான டிக்கெட், ஓட்டல், பஸ் எல்லாம் இலவசம். இரண்டாம் முறை போன வருடம் போலந்தில் தார்னூஃப் என்ற ஊருக்கு, சொந்தக் காசில், தனியாக.

முதல் பயணத்திலிருந்து கறுத்துப்போய், நாற்பது புது நண்பர்களோடு வந்தாளாம். இரண்டாவதிலிருந்து வந்தபோது நான் கூட இருந்தேன். இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு கதவைப் பற்றிச் சொன்னாள். அதை அப்புறம் சொல்கிறேன்.

என் கேள்வி இதுதான். அவளுடைய கொள்ளுத்தாத்தா தார்னூஃபிலிருந்து 1912இல் நியூயார்க்குக் கப்பல் ஏறியவர். இஸ்ரேலில் அவர்கள் குடும்பத்தில் யாரும் இருந்ததே இல்லை. அப்படியிருக்க, ஊரே கூடிக் காசு போட்டு இவளை இஸ்ரேலுக்கு அனுப்புகிறது. தார்னூஃபுக்குப் போக யாரும் ஒரு டாலர்கூடத் தரவில்லை. எதை வேர் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

மேற்குமாம்பலம் வாசு

இதில் என்ன அதிசயம். இலவசம் என்றால் யாரோ எதையோ விற்கிறார்கள் என்று அர்த்தம். அரசாங்கப் பிரசாரம். இழையை மூடலாம்.

பழுப்புக்காகிதம்

வாசு சார், அவசரப்படாதீர்கள். பிரசாரம் என்பது பாதிதான். அந்தத் திட்டம் பிறந்ததே ஒரு பயத்தில். 1990இல் அமெரிக்க யூத அமைப்புகள் தங்கள் மக்களைப் பற்றி நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று எடுத்தன. அந்தச் சமயத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் 52 சதவீதம் பேர் யூதரல்லாதவரை மணந்திருக்கிறார்கள் என்று அதில் வந்தது. அந்த எண்ணை எப்படி எடுப்பது என்று பிறகு சண்டை நடந்தது, அது வேறு. ஆனால் சமூகமே ஆடிப்போனது. ஹிட்லர் முடிக்காததைக் கலப்புத் திருமணம் முடித்துவிடும் என்கிற அளவுக்குப் பேச்சு.

அந்தப் பின்னணியில்தான் சார்ல்ஸ் பிரான்ஃப்மன், மைக்கேல் ஸ்டைன்ஹார்ட் என்ற இரண்டு பணக்காரர்கள் முன்னின்று 1999இல் இதை ஆரம்பித்தார்கள். இஸ்ரேல் அரசும் காசு போட்டது. எபிரேயத்தில் பெயர் ‘தக்லித்’, கண்டுபிடிப்பு என்று பொருள். 18 முதல் 26 வயது வரை. பஸ்ஸில் உள்ளூர் இளைஞர்கள் சிலரையும், பெரும்பாலும் ராணுவத்தில் இருப்பவர்களை, சில நாளைக்கு ஏற்றிக்கொள்வார்கள். இதுவரை எட்டு லட்சம் பேருக்கு மேல் போய்வந்தாயிற்று. போய்வந்தவர்கள் யூதரையே மணப்பது கூடுதல் என்று பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பல வருடமாகப் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஆக, விற்கிறார்கள் என்பது சரி. நிலத்தைக் காட்டி மாப்பிள்ளை பெண்ணையும் சேர்த்து விற்கிறார்கள். நம் ஊர்ச் சாதிச் சங்க மாநாடுகளில் வரன் பதிவு மேசை போடுவார்களே, அதை இஸ்ரேலின் மசாடா மலை உச்சியில் போட்ட மாதிரி.

குறுந்தொடி

வரன் பதிவு மேசை என்றதை அவளிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பஸ்ஸில் இருந்தவர்களில் இரண்டு ஜோடி இப்போது கல்யாணமாகிக் குழந்தையோடு இருக்கிறார்களாம்.

ஆனால் அவளுக்கு உறுத்தியது வேறு. அப்பா வழியில் யூதர் என்பது பர்த்ரைட்டுக்குப் போதும். இஸ்ரேலின் 1950ஆம் வருடத்துத் திரும்பும் உரிமைச் சட்டத்துக்கும் போதும். 1970இல் அதைத் திருத்தி, தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே குடியேறலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் யூத மதத்தின் சீர்திருத்தப் பிரிவினரும் 1983இல் தந்தை வழியை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பழைய மதச் சட்டப்படி தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். இஸ்ரேலில் யூதத் திருமணங்களைப் பதிவு செய்யும் ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், அதைத்தான் பார்ப்பார்கள்.

பத்து நாளும் “இது உன் வீடு, உன் வீடு” என்று சொல்லிக்கொண்டே வந்தார்களாம். எட்டாம் நாள் பஸ்ஸில் கூட வந்த ஒரு சிப்பாய்ப் பையன் பேச்சுவாக்கில், “உன் அம்மா யூதர் இல்லையென்றால் இங்கே உனக்குக் கல்யாணம் பண்ணிவைக்க மாட்டார்கள், சைப்ரஸ் போய்ப் பண்ணிக்கொண்டு வரவேண்டும்” என்றானாம். கெட்ட எண்ணத்தில் இல்லை, தகவலாகத்தான் சொல்லியிருக்கிறான். பஸ் ஏற யூதப் பெண், மணமேடை ஏற இல்லை.

ஜெருசலேமில் யூதர்கள் பிரார்த்திக்கிற மேற்குச் சுவரில் அழுதாயா என்று கேட்டேன். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன், ஆனால் எதற்கு என்று தெரியவில்லை என்றாள்.

ஸ்கார்பரோ ராசன்

தங்கச்சி, நான் டொராண்டோவில் படிக்கேக்க என்னோடு இரண்டு யூதப் பெடியங்கள் இருந்தவங்கள். இரண்டு பேரும் போய்வந்தவங்கள். எங்களுக்கு இப்படி ஒருத்தரும் டிக்கெட் எடுத்துத் தரவில்லை. 2010இல் அப்பா அம்மாவோடு பருத்தித்துறைக்குப் போனது எங்கட சொந்தக் கடன் அட்டையில்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேணும். அதே வகுப்பில் ஒரு பாலஸ்தீனப் பெடியனும் இருந்தவன். அவன்ர அப்பப்பா ஹைஃபாவுக்குப் பக்கத்துக் கிராமம். 1948இல் ஏழு லட்சம் சனம் இடம்பெயர்ந்ததில் அவர்களும் ஒரு குடும்பம். வீட்டுத் திறப்பு (சாவி) இன்னும் அவர்களிட்ட இருக்கு. பர்த்ரைட் போய்வந்தவன் படம் காட்டிக்கொண்டிருக்கேக்க இவன் கனநேரம் பேசாமல் இருந்து, “எனக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தியா?” எண்டு கேட்டான். பகிடியாகத்தான் கேட்டான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இதைக் கதைக்காமல் இந்த விஷயத்தைக் கதைக்க ஏலாது.

பழுப்புக்காகிதம்

ராசன் சொல்வதை யூத இளைஞர்களே கேட்டிருக்கிறார்கள். 2018 கோடையில் ஐந்து பெண்கள் பயணத்தின் கடைசி நாளில் குழுவை விட்டு வெளியேறி, பாலஸ்தீனர்களைச் சந்திக்க மேற்குக் கரையில் உள்ள ஹெப்ரானுக்குப் போனார்கள். இறங்கிப்போனதை நேரலையாகவே காட்டினார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய செய்தி. ஒரு பக்கம் ‘நன்றி கெட்டவர்கள்’, இன்னொரு பக்கம் ‘மனசாட்சி உள்ளவர்கள்’.

2025 ஜூனில் ஈரானோடு சண்டை வந்தபோது அங்கே மாட்டிக்கொண்ட பர்த்ரைட் இளைஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை உல்லாசக் கப்பலில் ஏற்றிச் சைப்ரஸுக்குக் கொண்டுபோனார்கள். வேர் தேடிப் போனவர்களுக்கு அந்த நாட்டைப் பற்றி எந்த வகுப்பும் கற்றுத்தராததை அந்த ஒரு வாரம் கற்றுத்தந்திருக்கும்.

இழை நடத்துநர்

காசா போர் பற்றித் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே பயணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

மேற்குமாம்பலம் வாசு

நகர்த்தியதில் மூன்று என்னுடையது. பரவாயில்லை. அந்தக் கதவு விஷயம் என்னம்மா?

குறுந்தொடி

சொல்கிறேன் சார். கொஞ்சம் நீளம்.

முதலில் ஊரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவில் நாடு ‘ஆஸ்திரியா’ என்று இருக்கிறது. இவள் சின்ன வயதில் தங்கள் குடும்பம் வியன்னாக்காரர்கள் என்றே நினைத்திருக்கிறாள். அப்போது தார்னூஃப் இருக்கிற கலீசியா என்ற பகுதி முழுக்க ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது, இன்று அது போலந்திலும் உக்ரைனிலும் பிரிந்து கிடக்கிறது என்று வார்சாவில் உள்ள யூத வரலாற்று நிறுவனத்தின் வம்சாவளிப் பிரிவில்தான் விளக்கினார்களாம். நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. அதுவும் பொய் என்று தெரிந்துகொண்டாள். அதிகாரிகள் கப்பல் பட்டியலில் இருந்த பெயரைச் சரிபார்த்ததோடு சரி. பெயரைச் சுருக்கியது கொள்ளுத்தாத்தாவேதான், கடைப் பலகைக்காக.

கிராகூவிலிருந்து ரயிலில் கிழக்கே ஒரு மணி நேரம் தார்னூஃப். போருக்கு முன் அந்த ஊரில் 25,000 யூதர்கள், ஊரில் ஏறக்குறையப் பாதி. இன்று யூத சமூகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பழைய ஜெப ஆலயத்தை ஜெர்மானியர்கள் 1939 நவம்பரில் எரித்தார்கள். தோரா என்ற யூத வேதம் படிக்கிற மேடையின் நான்கு செங்கல் தூண்கள் மட்டும் மிச்சம். கட்டடமே இல்லாத வெட்டவெளியில் அந்தத் தூண்கள் மட்டும் நிற்கின்றன, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாயை நடக்கவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே காட்டில் பெரும் புதைகுழி, அதில் குழந்தைகளுக்கு என்று தனி வேலி. அங்கே போனேன் என்றாள், மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசியாகக் கல்லறைத் தோட்டம். வாசலில் நின்று இந்தக் கதவு எப்போது போட்டது என்று கேட்டிருக்கிறாள். அசல் இரும்புக் கதவு இங்கே இல்லை, வாஷிங்டனில் யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றிருக்கிறார்கள்.

அவள் வாஷிங்டன் பக்கத்துப் பெண். அந்த அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை கூட்டிப்போயிருக்கிறார்கள். அந்தக் கதவின் முன்னால் அவள் நின்றிருக்கிறாள். பதின்மூன்று வயதில், கால் வலிக்கிறது, பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டே. அது தன் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன கதவு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ரைன்கரை

கொலோனில் இருக்கிறேன். இங்கே நடைபாதையில் பத்து சென்டிமீட்டர்ச் சதுரத்தில் பித்தளைக் கற்கள் பதித்திருப்பார்கள். கடைசியாக அந்த வீட்டில் வாழ்ந்து நாஜிகளால் துரத்தப்பட்டவர், கொல்லப்பட்டவர் பெயர், பிறந்த வருடம், என்ன ஆனார் என்பது. 1992இல் ஒரு கலைஞர் இந்த ஊரில் ஆரம்பித்தது, இப்போது ஐரோப்பா முழுக்க லட்சத்துக்கு மேல். எங்கள் தெருவில் ஒரு நாள் ஸ்பானிஷ் பேசும் இரண்டு இளைஞர்கள் முழங்கால் போட்டு ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். புவெனஸ் ஐரிஸிலிருந்து வந்தவர்கள். துடைக்க எலுமிச்சையும் உப்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதைச் சொல்ல நினைத்தேன், மொழி போதவில்லை.

தோபிகானா தாஸ்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

நான் ஃபோர்ட் கொச்சிக்காரன். துணி வெளுக்க டச்சுக்காரர்கள் காலத்தில் வந்த தமிழ்க் குடும்பங்கள் என்று எங்களைச் சொல்வார்கள். நான் வெளுக்கவில்லை, டாக்ஸி ஓட்டுகிறேன், பதினைந்து வருடம். மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு நடை. 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம், சீனத்து நீலத் தரை ஓடு, மணிக்கூண்டு, வாசனைத் திரவியக் கடை, இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் வரும்.

இஸ்ரேல் பிள்ளைகள் இரண்டு வகை. ராணுவம் முடித்துவிட்டு கோவா, மணாலி, கசோல் என்று சுற்றுகிற கூட்டம் ஒன்று. அவர்கள் இங்கே வந்தால் ஒரு மணி நேரம், அப்புறம் வர்க்கலா எப்படிப் போவது என்று கேட்பார்கள். இன்னொரு வகை எப்போதாவது வரும். தாத்தா பாட்டி இங்கேயிருந்து போனவர்கள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். முகம் நம் முகம், நடை வேறு நடை.

இரண்டு வருடம் முன்பு ஒரு பெண் வந்தாள், 24 வயது. நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற விவசாயக் கிராமம், 1950களில் கொச்சி யூதர்கள் போய்க் குடியேறியது. பாட்டி பறவூரிலிருந்து 1954இல் போனவர். இவளுக்குத் தெரிந்த மலையாளம் மூன்று சொல்: வா, இரி (உட்கார்), கழிச்சோ (சாப்பிட்டாயா). பாட்டி வீட்டில் அதற்கு மேல் என்ன வேண்டும்.

பறவூருக்கு ஒரு மணி நேர ஓட்டம். வழியில் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தாள். பாட்டியின் அம்மா எழுதி வைத்த பாட்டுகள், மலையாள எழுத்தில். கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்கு, பண்டிகைக்குப் பாடுவார்கள். தமிழ் வீட்டில் ஒப்பாரி, நலங்குப் பாட்டு மாதிரி பெண்கள் கையிலேயே இருந்தவை. இவளுக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவர்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த கடைசி ஆள் பாட்டிதான், அவருக்கும் கண் மங்கிவிட்டது. நான் வண்டியை ஓரம் கட்டி வாசித்துக் காட்டினேன். பாதி எனக்கே புரியவில்லை. பழைய சொல், நடுவில் எபிரேயம். ஆனால் ஓசை வந்ததும் அவள் தானாகக் கூடப் பாட ஆரம்பித்தாள். அர்த்தம் தெரியாமல் ராகம் மட்டும் வைத்திருந்திருக்கிறாள்.

பறவூர் ஜெப ஆலயத்தை இப்போது அருங்காட்சியகமாக ஆக்கிவிட்டார்கள். வாசலிலிருந்து நீளமான நடை. உள்ளே போய்ப் பேழை முன்னால் நின்றாள். தோரா சுருள் வைக்கிற மரப் பேழை, தங்கப் பூச்சு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, “இது நகல்” என்றாள். எப்படித் தெரியும் என்றேன். அசலை 1990களில் ஜெருசலேமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் கொச்சி ஜெப ஆலயம் ஒன்றின் உள்பாகத்தையே பிரித்துக் கொண்டுபோய் வைத்து, அதற்குள் இந்தப் பேழையையும் நிறுத்தியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள் என்றாள்.

தங்கச்சி குறுந்தொடி எழுதிய கதவைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் எழுதினேன்.

அப்புறம் பாட்டிக்கு வீடியோவில் போட்டாள். பேழையைக் காட்டினால் பாட்டி பார்க்கவே இல்லை. “மேலே போ, மேலே போ” என்கிறார். எங்கள் பக்கத்து ஜெப ஆலயங்களில் மாடியிலும் தோரா படிக்க ஒரு மேடை உண்டு, அதற்குப் பின்னால் மரத்தட்டி, அந்தப் பக்கம் பெண்கள் உட்காரும் இடம். அங்கே போய்த் தட்டியின் ஓட்டை வழியாகப் போனை வைக்கச் சொன்னார். அவர் ஒன்பது வயது வரை உலகத்தைப் பார்த்த ஓட்டை. வைத்தோம். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் “கழிச்சோ?” என்று கேட்டார். பேத்தியை இல்லை, என்னை.

மேற்குமாம்பலம் வாசு

தாஸ் தம்பி, நான் எழுதிய முதல் பதிவை அழிக்க வழி இருக்கிறதா என்று நடத்துநரைக் கேட்டேன். இல்லையாம். கிடக்கட்டும்.

பனையோலை

பாட்டில் பாதி புரியவில்லை என்று தாஸ் சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. கொச்சி யூதர்கள் தங்கள் சொத்தாகக் காப்பாற்றி வந்த செப்பேடுகள், சேர மன்னர் பாஸ்கர ரவி சுமார் கி.பி. 1000இல் ஜோசப் ரப்பான் என்ற வணிகத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்தது. வட்டெழுத்தில், தமிழும் மலையாளமும் இன்னும் பிரிந்து முடியாத மொழியில் இருக்கிறது. வணிகக் குழுவைக் குறிக்கும் ‘அஞ்சுவண்ணம்’ என்ற சொல் அதில் வருகிறது. எந்தத் தமிழ்க் கல்வெட்டு மாணவரும் தட்டித் தடுமாறி வாசித்துவிடலாம். நெவாத்திமிலிருந்து வரும் பேத்தியின் குடும்பக் கதையில் ஆரம்பப் பக்கம் அவளுக்குத் தெரியாத, நமக்குப் பாதி தெரிந்த எழுத்தில் இருக்கிறது. பரதேசி ஜெப ஆலயத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ‘வெள்ளை’ யூதர்கள் பறவூர், மட்டாஞ்சேரி மலபார் யூதர்களை வெகுகாலம் சமமாக நடத்தவில்லை என்பதும் அதே கதைதான். இதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை, தாஸ் சொல்வார் என்று நினைக்கிறேன்.

தோபிகானா தாஸ்

சொல்வேன் சார். கேட்டால் சொல்வேன். கேட்கிறவர்கள் குறைவு.

ரயில்பூச்சி

தாணேயில் இருக்கிறேன். கொங்கண் பக்கத்துப் பெனே இஸ்ரேல் யூதர்கள் கதையும் இதே மாதிரிதான். செக்கு ஆட்டுகிறவர்கள், சனிக்கிழமை மட்டும் செக்கு ஓட்டமாட்டார்கள், அதனால் ஊரில் ‘சனிவார் தேலி’ என்று பெயர். ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்த்ததுதான் குடும்பப் பெயர், பேண் ஊர் என்றால் பேண்கர். இஸ்ரேலில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு வம்சாவளி ஆவணம் எதுவும் தேட வேண்டாம், தங்கள் பெயரையே வரைபடத்தில் போட்டால் ஊர் வந்துவிடும்! இவர்கள் அங்கே போனபோது, நீங்கள் உண்மையான யூதர்தானா, கல்யாணம் செய்து வைக்கலாமா என்று ரபிகள் இழுத்தடித்தார்கள். போராட்டம் நடத்தி 1964இல்தான் முழுச் சமம் என்று வாங்கினார்கள். குறுந்தொடியின் தோழிக்கு அந்தச் சிப்பாய் சொன்னதைப் படித்ததும் இதுதான் தோன்றியது.

ஸ்கார்பரோ ராசன்

தாஸ் அண்ணை எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கட பருத்தித்துறை வீட்டில இப்ப வேற ஆக்கள் இருக்கினம். 2010இல் போகேக்க அம்மா உள்ளே வரமாட்டன் எண்டு படலையிலேயே நிண்டவ. ஏன் எண்டு இண்டைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை. கேட்கவோ எண்டு யோசிக்கிறன்.

குறுந்தொடி

கேளுங்கள் ராசன் அண்ணா.

இந்த இழை முழுவதையும் தோழிக்கு நேற்று ராத்திரி உட்கார்ந்து சொன்னேன். பேழை விஷயம் வந்தபோது நிறுத்தச் சொன்னாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்தப் பெண்ணுக்குக் குறைந்தது ஓட்டை வழியாகப் பார்க்க ஒரு பாட்டி இருந்தார் என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நன்றியுள்ளவளாக நடந்துகொள்ளச் சொல்லி யாரும் கேட்காத பயணம் அது ஒன்றுதான் என்பதால் தார்னூஃபுக்கு மறுபடி போகப்போகிறாளாம். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், ஊர்க்காரர்கள், யூதரல்ல. அவர்களோடு ஒரு வாரம் வேலை செய்ய. அதற்கு முன் வாஷிங்டன் போய் அந்தக் கதவைப் பார்க்க வேண்டும் என்கிறாள். என்னையும் கூப்பிட்டிருக்கிறாள்.

தாஸ் அண்ணா, அவள் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: வண்டியில் வாசித்தீர்களே, அது என்ன பாட்டு?

தோபிகானா தாஸ்

கல்யாணப் பாட்டு என்றுதான் நினைத்தேன். நேற்று அந்தப் பெண்ணுக்கு வாட்ஸப்பில் கேட்டேன், நான் அன்றைக்கு வாசித்த ஒலிப்பதிவையும் அனுப்பி. காலையில் பாட்டியின் குரலில் பதில் வந்திருக்கிறது. நான் வாசித்தது முழுக்கத் தப்பாம். தானே பாடி அனுப்பியிருக்கிறார். இங்கே ஏற்றப் பார்த்தேன், கோப்பு பெரிதாக இருக்கிறது என்கிறது.

இழை நடத்துநர்

பத்து எம்பிக்கு மேல் ஏறாது. பேத்தியிடம் அனுமதி கேட்டுவிட்டு வெட்டிப் போடுங்கள்.

தோபிகானா தாஸ்

கேட்டாயிற்று, சரி என்றாள். இரண்டாகப் பிரித்து ராத்திரி ஏற்றுகிறேன். முதல் பாதியில் பாட்டு கிடையாது, பாட்டி என்னைத் திட்டுவது மட்டும்தான்.